சேரிப் பள்ளிக்கு ஊர்ப் பிள்ளைகள் எப்போது வருவார்கள்?

சில வாரங்களுக்கு முன் சிதம்பரத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் குழந்தைகள் உரிமை பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தினோம். கல்வி உரிமைச் சட்டம், குழந்தைத் திருமணம், 1098 என்று வழக்கமான பாடங்கள்தான். தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோட சேர்த்துட்டா, ஸ்கூல்ல சாதி ஒழிஞ்சிரும்ல?" பக்கத்தில் நின்ற தங்கை விடவில்லை. "சேர்த்துட்டா அந்த ஹாஸ்டல யாரு பாத்துப்பா? எங்க அம்மா நந்தனார் ஸ்கூல்ல படிச்சவங்க. அந்த ஹாஸ்டல் இல்லைன்னா அவங்க அஞ்சாவதோட நின்னிருப்பாங்க."

இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த இருவருக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை. இன்று 'உள்ளடக்கிய கல்வி' என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். நம் ஊரில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நம் கோரிக்கைக்குக் கூர்மை கிடைக்கும்.

திறந்திருந்தும் மூடியிருந்த பள்ளிகள்

1856 ஜூன் மாதம். பம்பாய் மாகாணத்தின் தார்வாடில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். சேர்க்க மறுத்தார்கள். அவன் அரசுக்கே மனு எழுதினான். ஒரு மாணவனுக்காகப் பள்ளியில் உள்ள மற்ற சாதிப் பிள்ளைகள் எல்லோரும் வெளியேறினால் என்ன செய்வது என்பதுதான் அரசின் கவலையாக இருந்தது. பின்னர் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள், சாதியைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் யாரையும் மறுக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தார்கள். அம்பேத்கர் இந்த வரலாற்றைத் தம் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார்.

கொள்கை வந்தது. பிள்ளைகள் உள்ளே போக முடிந்ததா? சென்னை மாகாணத்தில் 1919-இல் அரசு கணக்குப் பார்த்தபோது, பொது நிர்வாகத்தில் இருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அறுநூற்றுச் சொச்சம் பள்ளிகளில்தான் பஞ்சமர் பிள்ளைகள் நுழைய முடிந்தது. காகிதத்தில் எல்லாப் பள்ளிகளும் எல்லோருக்கும் திறந்தே இருந்தன. ஆனால் பள்ளி நடந்த இடம் அக்கிரகாரம், கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி. சேரிப் பிள்ளை கால் வைக்க முடியாத தெருவில் பள்ளியை வைத்துவிட்டு, "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று சொன்னார்கள். சமூகவியல் வகுப்பில் 'கட்டமைப்பு சார்ந்த விலக்கம்' என்று படித்தபோது எனக்குப் புரிய நேரமெடுத்தது. இந்தச் சாவடிப் பள்ளியை நினைத்துக்கொண்டால் உடனே புரியும்.

அதனால்தான் தனிப் பள்ளிகள் தோன்றின. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மிஷனரிகள் சேரிகளில் பள்ளி வைத்தார்கள். 1920-இல் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவாகி, அந்தத் துறை சேரிகளில் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. அந்தத் துறைதான் பிற்காலத்தில் அரிசன நலத்துறையாகவும் பிறகு ஆதிதிராவிடர் நலத்துறையாகவும் ஆனது. இன்று மாநிலத்தில் அதன் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன.

ஒன்றை மறக்கக் கூடாது நண்பர்களே. தனிப் பள்ளி நாம் ஆசைப்பட்டுக் கேட்டது அல்ல. பொதுப் பள்ளியின் கதவு சாத்தப்பட்டதால் கட்டப்பட்டது.

முனுசாமி சகஜானந்தர் ஆன கதை

சிதம்பரத்தில் அந்தக் கதவுக்கு எதிரே தன் கையால் ஒரு பள்ளியை எழுப்பியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27-இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். நன்றாகப் படித்த பையன். மதம் மாற மறுத்ததால் அங்கே அவருடைய படிப்பு முறிந்தது என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிறகு குடும்பத்தோடு கோலார் தங்கவயல் வாழ்க்கை. நம் மக்கள் பல ஆயிரம் பேர் பிழைக்கப் போன அதே சுரங்க ஊர். அங்கிருந்து சென்னை வியாசர்பாடிக்கு வந்து கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளின் சீடரானார். முனுசாமி சகஜானந்தர் ஆனார். 1910-இல் குருவின் சொல்லை ஏற்றுச் சிதம்பரம் வந்தபோது அவருக்கு வயது இருபது.

இந்த வாழ்க்கையில் என் கண்ணில் படுவது ஒன்றுதான். சிறு வயதிலேயே அவர் இரண்டு வகைக் கதவைப் பார்த்துவிட்டார். ஊர்ப் பள்ளியின் கதவு சாதியால் மூடியிருந்தது. மிஷன் பள்ளியின் கதவு திறந்திருந்தது, ஆனால் அதில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தது. மிஷனரிகள் நமக்குச் செய்த கல்விப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல தலைமுறை எழுத்தே அறியாமல் போயிருக்கும். ஆனால் ஒரு குழந்தை தன் அடையாளத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றால், அதற்குப் பெயர் உரிமை அல்ல.

நீதிக்கட்சி தோன்றிய அதே 1916-இல், சிதம்பரத்தில் 25 பிள்ளைகளோடு நந்தனார் பள்ளி தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

ஏன் நந்தன் பெயர்?

சிதம்பரத்தில் ஓமக்குளம் பகுதியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நந்தன் தீயில் இறங்கிய இடம் அதுதான் என்பது மரபு. காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலாதனூரை நந்தன் ஊர் என்கிறார்கள். தில்லைக்குப் போக ஆசைப்பட்டவன், தீயில் குளித்து 'தூய்மை' ஆன பிறகே உள்ளே விடப்பட்டான் என்கிறது பெரியபுராணம். எரித்துக் கொன்றார்கள், பிறகு பக்திக் கதையாக்கி மூடிவிட்டார்கள் என்று தலித் இயக்கம் அதை வாசிக்கிறது. நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

சகஜானந்தர் சைவத் துறவி. நந்தனைப் பக்தியோடு பார்த்தவர். இங்கே நமக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் செய்ததைப் பாருங்கள். ஒரு மனிதன் உள்ளே போவதற்குத் தீக்குளிக்க வேண்டியிருந்த ஊரில், அதே மனிதனின் பெயரில் பிள்ளைகள் நடந்து உள்ளே வரும் ஒரு வாசலைக் கட்டினார். அவர் சொன்ன தத்துவத்தை ஏற்காதவர்கள்கூட அவர் கட்டிய வாசலின் பொருளை மறுக்க முடியாது.

நந்தன் கதையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில்தான், தில்லைக்குப் போக அனுமதி தராத வேதியர் வருகிறார். கொள்ளிடக் கரையிலும் வீராணம் பாசனத்திலும் மிராசுகளும் பண்ணையாட்களும் வாழ்ந்த காலத்தின் உண்மை அந்தப் பாத்திரத்தில் இறங்கியிருக்கிறது. பண்ணையாளுக்குத் தன் நேரம் சொந்தமில்லை. அவன் பிள்ளையின் நேரமும் சொந்தமில்லை. மாடு மேய்க்க, எரு சுமக்க, களத்தில் நிற்க என்று ஆறு வயதிலேயே குழந்தை பண்ணைக் கணக்கில் சேர்ந்துவிடும். பள்ளிக்கு அனுப்புவது என்றால் பண்ணையாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சோறும் பாயும் சேர்ந்ததுதான் பள்ளி

இப்போது விடுதி ஏன் முக்கியம் என்பது புரியும். சேரியிலிருந்து குழந்தையைப் பகலில் ஆறு மணி நேரம் மட்டும் வரவழைக்கும் பள்ளி, அறுவடைக் காலம் வந்தால் அந்தக் குழந்தையை இழந்துவிடும். பிள்ளை தங்கிப் படித்தால், பண்ணையின் கை எட்டாது. பசிக்கும் பதில் கிடைக்கும். வீட்டில் விளக்கில்லை, உட்கார இடமில்லை என்ற கவலையும் தீரும். பள்ளியையும் தங்குமிடத்தையும் சேர்த்தே யோசித்ததுதான் நந்தனார் கல்விப் பணியின் பெரிய பாடம் என்று நான் நினைக்கிறேன்.

நம் மாநிலம் மெல்ல மெல்ல இதே பாடத்தைத்தான் கற்றது. 1920-இல் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கருத்து ஒன்றுதான்: கதவைத் திறப்பது பாதி வேலை. பிள்ளை உள்ளே நிலைத்து நிற்கச் செய்வது மீதிப் பாதி.

சகஜானந்தர் இதைப் பள்ளி வளாகத்தோடு நிறுத்தவில்லை. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போனார். கல்வி, விடுதி, நிலம், கோயில் நுழைவு என்று நம் மக்களின் கோரிக்கைகளை அங்கே பேசினார். 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 மே 1-இல் இறந்தார். வகுப்பறை ஒரு பக்கம், சட்டமன்றம் மறு பக்கம். சமூகப் பணி படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பணி. அந்தக் குழந்தையைத் தடுத்த விதியை மாற்றுவதும் பணிதான்.

ஒரே வகுப்பறை, இரண்டு வரிசை

நான் படித்தது ஒரு பொதுப் பள்ளியில். தனிப் பள்ளி அல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வகுப்பு வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கெல்லாம் எந்திரிங்க." எழுந்து நிற்போம். எண்ணுவார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டு ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பே நம்மைப் புதிதாகப் பார்க்கும். மறுநாள் தண்ணீர் பாட்டில் கேட்டால் ஒரு தோழி தயங்குவாள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு பையன் ஸ்காலர்ஷிப்பே வேண்டாம் என்று படிவத்தைக் கிழித்துப் போட்டான். அவன் பத்தாவது முடிக்கவில்லை.

ஒரே கட்டடத்தில் உட்கார வைப்பது மட்டும் இணைப்பு ஆகாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். பெரிய அளவில் அதைக் காட்டியது நாங்குநேரி. 2023 ஆகஸ்டில், ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

சந்துரு அவர்களுக்கும் கடலூருக்கும் பழைய உறவு உண்டு. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலைய வதையில் ராஜாகண்ணு கொல்லப்பட்ட வழக்கில் வாதாடிய வழக்கறிஞர் அவர். 'ஜெய்பீம்' படத்தில் நாம் பார்த்த கதைக்கு அடிப்படை அதுதான். அவரது அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் ஆசிரியர் இடமாறுதல் வரை பேசுகிறது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்கிறது. பள்ளிப் பெயர்களிலிருந்து 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற சாதி முன்னொட்டுகளை நீக்கச் சொல்கிறது. எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரச் சொல்கிறது. துறை இணைப்பை 2023 மார்ச் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்திருந்தது.

முன்னொட்டு போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாற்றுச் சான்றிதழில் பள்ளிப் பெயரைப் படித்தவுடன் பிள்ளையின் சாதி தெரிந்துவிடும் நிலை கொடுமையானது. ஆனால் கூடவே சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இணைப்பு யார் பக்கம் நகர்கிறது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை இங்கே பார்க்கலாம். 1954-இல் பிரவுன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிறவாரியான தனிப் பள்ளிகள் சட்டவிரோதம் என்றது. மகத்தான தீர்ப்பு. அதை நடைமுறைப்படுத்திய விதத்தைப் பாருங்கள். தென் மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். கறுப்புக் குழந்தைகள் வெள்ளைப் பள்ளிகளை நோக்கி நடந்தார்கள். 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் அப்படி ஒரு பள்ளிக்குப் போனபோது, வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தை ஓராண்டு முழுவதும் ஒரே ஆசிரியையோடு தனி வகுப்பில் படித்தாள். சட்டம் வாசலைத் திறந்தது. மற்றவர்கள் அறையைக் காலி செய்தார்கள்.

நம் ஊரில் இது வேறு உருவில் நடக்கிறது. சேரியில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். தடையில்லை. ஆனால் ஊர்த் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே வருகிறார்கள்? பக்கத்திலேயே பள்ளி இருந்தும் வேன் ஏறி டவுன் மெட்ரிக்குப் போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் நம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்குள் கொண்டுபோகிறது. நல்லதுதான். ஆனால் அவர்கள் பிள்ளைகளை நம் பள்ளிக்குக் கொண்டுவரும் சட்டம் எதுவும் இல்லை. நூறாண்டுகளுக்கு முன் ஊர்ச் சாவடியில் பள்ளியை வைத்து, சேரிப் பிள்ளை வராதபடி செய்தார்கள். இன்று சேரியில் பள்ளி இருக்கிறது, அதனாலேயே ஊர்ப் பிள்ளை வருவதில்லை. இரண்டிலும் நகர வேண்டிய கட்டாயம் நம் குழந்தைக்கு மட்டும்தான்.

ஆகவே இணைப்பு பற்றிப் பேசும்போது பெயர்ப் பலகையைத் தாண்டி மூன்று விஷயங்களைக் கேட்போம்.

முதலாவது, விடுதி. பள்ளி ஒரு துறைக்குப் போனாலும் விடுதியின் உணவுப் படி, பாதுகாப்பு, காப்பாளர் நியமனம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு சிறுமி எட்டாவதோடு நின்றிருந்தாள். அடுத்த பள்ளி ஆறு கிலோமீட்டர். மாலையில் பேருந்து கிடையாது, இருட்டில் நடந்து வர வேண்டும். "படிப்பு வேணாம்னு சொல்லலம்மா, வழிதான் பயமா இருக்கு" என்றார் அவள் அம்மா. விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவள் ஒன்பதாவது போனாள். அவளைப் பொறுத்தவரை கல்வி உரிமை என்பது ஒரு பெட்டியும் பாயும்.

இரண்டாவது, தரம். சேரியில் இருக்கும் பள்ளிக்கு முதலில் ஆசிரியர், ஆய்வகம், கழிப்பறை, சுற்றுச்சுவர் வர வேண்டும். வட்டாரத்திலேயே நல்ல பள்ளி அங்கே இருந்தால், ஊர்ப் பெற்றோருக்கும் ஒரு கேள்வி எழும். மாணவர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி முதலில் நம் தெருப் பள்ளியை மூடுவது இணைப்பு ஆகாது. அதை அந்தந்தக் கிராமத்திலேயே எதிர்க்க வேண்டும்.

மூன்றாவது, வரலாறு. சாதி முன்னொட்டு போகட்டும். நந்தனார் என்ற பெயர் இருக்க வேண்டும். அது சாதிப் பெயர் அல்ல, ஒரு மனிதனின் பெயர். சகஜானந்தர் யார், ஏன் இந்தப் பள்ளியைக் கட்ட நேர்ந்தது என்பதைக் கடலூர் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். கதவைச் சாத்திய வரலாறு தெரியாதவர்களுக்கு அதைத் திறந்து வைக்க வேண்டிய பொறுப்பும் தெரியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். உங்கள் ஊர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், விடுதியில் எத்தனை இடம், எத்தனை காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முகநூல் பதிவோடு நிறுத்தாமல் இந்த மூன்றில் ஒன்றையாவது இந்த வருடம் செய்யுங்கள்.

அந்தத் தம்பிக்கு என் பதில்: பள்ளிகளைச் சேர்ப்பதால் மட்டும் சாதி ஒழியாது தம்பி. நாம் அவர்கள் பள்ளிக்குப் போனதில் பாதி தூரம் கடந்திருக்கிறோம். அவர்கள் நம் பள்ளிக்கு வரும் நாளில்தான் மீதி தூரம் தீரும்.

அந்தத் தங்கைக்கு: உன் அம்மா தங்கிப் படித்த விடுதியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீ கேட்டது சரியான கேள்வி. அதை மேடையில் கேள், மனுவில் எழுது. பதில் வரும்வரை விடாதே.

ஜெய் பீம்.